தேர்த் தடியும் கிணற்றுக் கப்பியும்

எளிய இயந்திரங்கள் பாடத்தைப் பல ஆண்டுகளாக ஒரே மாதிரிதான் நடத்திவந்தேன். "நெம்புகோலும் கப்பியும் பளுவைக் குறைக்கின்றன" என்று கரும்பலகையில் எழுதுவேன்; பிள்ளைகளும் எழுதிக்கொள்வார்கள். அந்த வரி தவறு என்பதை ஒரு மாணவியின் கேள்விதான் எனக்குக் காட்டியது.

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத் தேரோட்டம் முடிந்து பள்ளிக்கு வந்த நாள். நான்கு வீதிகளிலும் ஐந்து தேர்கள் வலம் வந்ததைப் பார்த்த பிள்ளைகளிடம், தேர் எப்படி நகர்கிறது என்று கேட்டேன். "வடம் பிடிச்சு இழுக்கிறாங்க சார்" என்றார்கள். ஒருத்தி மட்டும், "சக்கரத்துக்குப் பின்னாடி தடி போட்டு நெம்புவாங்களே சார், அப்போ தேரோட எடை குறைஞ்சிடுமா?" என்றாள்.

எடை எங்கே குறையும்? கணக்குப் போட்டுப் பார்த்தோம். 12 அடி நீளத் தடி. அதைத் தாங்கும் கட்டை, சக்கரத்திலிருந்து 1 அடி தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டோம். மறுபுறம் 11 அடி. அந்த முனையில் 60 கிலோ எடையுள்ள மூவர் ஏறி மிதித்தால் 180 கிலோ. சக்கரத்தடியில் அது 1,980 கிலோ எடைக்குச் சமமான விசை. ஆனால் அவர்கள் 3 அடி கீழே இறங்கினால், சக்கரத்தின் பக்கம் தடி எழும்புவது சுமார் 3 அங்குலம்தான். அதனால்தான் தடியை எடுத்து எடுத்து மறுபடியும் போடுகிறார்கள். விசையில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் கொடுத்துவிடுகிறோம்.

இதை வகுப்பில் செய்துகாட்ட மீட்டர் அளவுகோலும் ஒரே வகை நாணயங்கள் ஐந்தும் போதும். தாங்கியை 50 செ.மீ. குறியிலேயே வையுங்கள். ஓரமாக வைத்தால் அளவுகோலின் சொந்த எடையும் கணக்கில் புகுந்து குழப்பும். முதல் முறை நான் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு பக்கம் 10 செ.மீ. தூரத்தில் 4 நாணயங்கள், மறுபக்கம் 40 செ.மீ. தூரத்தில் 1. சமநிலை வரும்.

கப்பியில்தான் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள், நானும்தான். கிணற்றுக் கப்பி பாரத்தைக் குறைக்கிறது என்று எல்லோரும் கை தூக்கினார்கள். 1 கிலோ மணல் பையைக் கயிற்றில் கட்டி, கப்பி வழியாகச் சுருள்வில் தராசால் இழுக்கச் சொன்னேன். 1 கிலோவுக்குச் சற்று அதிகமாகவே காட்டியது, உராய்வு! நிலையான ஒற்றைக் கப்பி விசையின் திசையை மட்டுமே மாற்றுகிறது. குனிந்து மேலே தூக்குவதற்குப் பதில், நின்றபடி கீழே இழுக்கிறோம். நம் உடல் எடையும் துணைக்கு வருகிறது. கடலூரில் மாடி கட்டும் இடத்தில் கலவை வாளியை ஏற்றும் கப்பியும் இதேதான்.

பிறகு கயிற்றின் ஒரு முனையை மேலே கட்டி, பையைத் தொங்கவிட்ட கப்பியைக் கயிற்றின் மடிப்பில் நகரவிட்டோம். இப்போது தராசில் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். பை 1 அடி உயர, கயிற்றை 2 அடி இழுக்க வேண்டியிருந்தது. "தேர்த் தடி மாதிரியே சார்!" என்றாள் அதே மாணவி.

கரும்பலகையில் பழைய வரியை அழித்துவிட்டு, "தேவைப்படும் விசை குறையலாம், பளுவும் வேலையும் குறையாது" என்று எழுதினேன். முந்தைய ஆண்டு என்னிடம் படித்தவர்கள் அடுத்த அறையில் இருந்தார்கள். மதிய இடைவேளையில் அவர்களையும் கூப்பிட்டுத் தராசைக் கையில் கொடுத்தேன்.