காலியில்லாத மேட்ரிக்ஸ்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மாடலைப் பார்த்தேன். தேவைகளையும் டிசைனையும் இணைத்துக் காட்டும் டிரேஸ் மேட்ரிக்ஸில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. ஒவ்வொரு ரெக்வயர்மென்ட்டுக்கும் நேரே ஏதோ ஒரு பிளாக் உட்கார்ந்திருக்கிறது. உன் மேனேஜருக்குப் பிடிக்கும். எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. டிசைன் பாதிகூட முடியாத நிலையில் மேட்ரிக்ஸ் மட்டும் எப்படி நிறையும்?

‘சாட்டிஸ்ஃபை’ என்று அம்பு போடும்போதெல்லாம், இந்த டிசைன் இருந்தால் அந்தத் தேவை நிறைவேறும் என்று நீ உறுதி கொடுக்கிறாய். 2025-ல் ஓஎம்ஜி என்ற தர அமைப்பு ஏற்றுக்கொண்ட, சிஸ்டம் மாடலிங் மொழியான சிஸ்எம்எல்லின் இரண்டாம் பதிப்பு அந்த உறவை வெளிப்படையாகவே ஒரு கூற்றாக வைத்திருக்கிறது. கூற்று என்றால் பொய்யாகவும் இருக்கலாம்.

நிறைவேறிவிட்டதாக நம்பிய தேவை நிறைவேறாமல் போனால் என்ன ஆகும் என்று பார்க்க, மார்ஸ் போலார் லேண்டர் விசாரணை அறிக்கையைத் தேடிப் படி. செவ்வாயின் தென்துருவப் பக்கம் இறங்கப் போய், 1999 டிசம்பர் 3-ல் காணாமல் போன நாசா கலம் அது. இறங்கும் கட்டத்தில் டெலிமெட்ரி அனுப்ப வழி வைக்காததால் நடந்தது என்னவென்று நேரடிச் சான்று கிடையாது. பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று 2000-ல் விசாரணைக் குழு ஒரு காரணத்தைச் சொன்னது. கலத்துக்கு மூன்று கால்கள். தரை தட்டியதும் எஞ்சினை நிறுத்தச் சொல்ல, காலுக்கொரு ஹால் சென்சார். சுமார் 1500 மீட்டர் உயரத்தில், மடங்கியிருந்த கால்கள் விரியும். விரிகிற அதிர்விலேயே சென்சார் ஒரு கணம் ‘தட்டிவிட்டது’ என்று சொல்லிவிடக்கூடும். மென்பொருள் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். 40 மீட்டரில் தரைதட்டலைக் கவனிக்கிற பகுதி விழித்ததும், அந்தப் பழைய சிக்னலை நம்பி எஞ்சினை அணைத்திருக்கும். அப்போது நொடிக்கு 13 மீட்டர் வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்த கலம், தரையில் 22 மீட்டர் வேகத்தில் மோதியிருக்கும்.

இத்தனைக்கும் இந்தப் போலிச் சிக்னல் யாரும் எதிர்பாராத ஒன்றல்ல. சிஸ்டம் அளவிலான ஆவணத்தில் அதற்குத் தடுப்பே இருந்தது. எப்படி இருந்தது என்று பார்: சென்சாரை நொடிக்கு 100 முறை படிக்க வேண்டும், பிராசஸர் சுமை சீராக இருக்க, வளிமண்டலத்தில் நுழையும் முன்பே படிக்கத் தொடங்க வேண்டும், ஆனால் தரையை நெருங்கும்வரை அந்தத் தரவைப் பயன்படுத்தக் கூடாது. மூன்று தேவைகள், ஒரே பத்தியில். மூன்றாவது ஏன் என்று அங்கே சொல்லவில்லை. மென்பொருள் ஆவணத்துக்கு இறங்கியபோது படிக்கிற வேலை ஒழுங்காக வந்து சேர்ந்தது. கால் விரியும்போது போலிச் சிக்னல் வரும் என்ற சேதி வரவில்லை. கவனிக்கத் தொடங்கும் முன் படித்ததைத் தூக்கிப்போடு என்று எழுதியிருந்தால் போதும். அப்படி ஒரு வரி இல்லை.

இதே பத்தி உன் மேட்ரிக்ஸில் இருந்தால் பச்சையாகத்தான் தெரியும். மூன்றில் இரண்டு நிறைவேறினாலும் லிங்க் ஒன்றுதானே! ஆகவே ‘ஆனால்’, ‘மற்றும்’ வருகிற இடத்திலெல்லாம் தேவையை உடைத்துத் தனி எண் கொடு. வாடிக்கையாளரின் ஆவணத்தைத் தொட முடியாதென்றால், அதிலிருந்து ‘டெரைவ்’ செய்து (வருவித்து) எழுது.

அடுத்தது, அம்பு எங்கே தொடங்குகிறது என்பது. உன் மாடலில் பாதி அம்புகள் ‘கன்ட்ரோலர்’ என்ற ஒரே பிளாக்கிலிருந்து கிளம்புகின்றன. ஒரு முழுப் பெட்டியைக் காட்டி இதுதான் நிறைவேற்றுகிறது என்பது ஒன்றும் சொல்லாததற்குச் சமம். லேண்டர் கதையில் அந்த அம்பு கிளம்ப வேண்டிய இடம், ஸ்டேட் மெஷினில் ‘கவனிக்கத் தொடங்கு’ நிலைக்குள் நுழையும்போது நினைவில் இருந்த பழைய சிக்னலை அழிக்கிற ஒரே ஒரு செயல். அங்கே லிங்க் போட முயன்றிருந்தால் அந்தச் செயலே இல்லை என்பது கண்ணில் பட்டிருக்கும். இன்னும் டிசைன் செய்யவில்லையென்றால் கட்டத்தைக் காலியாகவே விடு. அம்பு போட்டால், அது ஏன் சரி என்ற காரணத்தை ‘ரேஷனேல்’ குறிப்பாக அம்பின் மேலேயே ஒட்டலாம். அந்த வசதி பல வருஷமாக இருக்கிறது, பயன்படுத்துகிறவர்தான் குறைவு.

(சில அம்புகளைத் திருப்பிப் போட்டிருக்கிறாய். தலை தேவையின் பக்கம் இருக்க வேண்டும். டிசைன்தான் தேவையை நம்பி இருக்கிறது.)

சோதனையைத் தேவையோடு இணைக்கும் ‘வெரிஃபை’ லிங்க்குகளை இன்னும் அதிகமாகச் சந்தேகப்படு. லேண்டரின் கால்களை விரித்துச் சோதித்தார்கள். அப்போது சென்சார் ஒயரிங் தவறாக இருந்ததால் போலிச் சிக்னல் தெரியவில்லை. ஒயரிங்கைச் சரிசெய்தார்கள், ஆனால் விரிக்கும் சோதனையைத் திரும்பச் செய்யவில்லை. லிங்க்கின் ஒரு முனை மாறினால் அதை ‘சஸ்பெக்ட்’ என்று டோர்ஸ் போன்ற தேவை மேலாண்மைக் கருவிகள் குறித்துக் காட்டுவது இதற்காகத்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ‘கிளியர்’ தட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் எல்லா ஆபீஸிலும் உண்டு. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க நேரம் பிடிக்கும். அந்த நேரம் உங்கள் ஷெட்யூலில் இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த பேஸ்லைனுக்கு முன்பே மேனேஜரிடம் எழுத்தில் கேட்டு வாங்கு.

அன்புடன்,
அண்ணன்