துகளின் சாட்சியம்

1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி நகருக்கு மேலே பயணியர் விமானம் ஒன்று வெடித்துச் சிதறியது. 270 பேர் மாண்டனர். பெட்டியில் மறைக்கப்பட்டிருந்த செம்டெக்ஸ் என்னும் வெடிபொருளே காரணம். எளிதில் ஆவியாகாத அத்தகைய பொருளை மணத்தால் அறிதல் அரிது. எனினும், அதனைத் தீண்டிய கை, தொடும் இடமெல்லாம் கண்ணுக்குப் புலனாகாத துகள்களை விட்டுச்செல்லும்.

விமான நிலையங்களில் பயணியரின் கைகளையும் பெட்டிகளையும் சிறு துண்டால் துடைப்பது அத்துகள்களைத் தேடியே. துண்டைச் சூடாக்கத் துகள் ஆவியாகிறது. பல கருவிகளில் நிக்கல்-63 உமிழும் பீட்டாக் கதிர்கள் காற்றை அயனியாக்குகின்றன. உடன் சேர்க்கப்படும் குளோரின் சேர்மத்திலிருந்து பிறக்கும் குளோரைடு அயனி, செம்டெக்ஸில் உள்ள ஆர்.டி.எக்ஸ். மூலக்கூறோடு ஒட்டிக்கொள்கிறது. டி.என்.டி. மூலக்கூறோ, புரோட்டான் ஒன்றை இழந்து எதிர்மின் அயனியாகிறது. மின்புலம் உந்த, இவ்வயனிகள் வளி மூலக்கூறுகளோடு மோதியவாறே குழாயைக் கடக்கின்றன. பொதுவாக, சிறியது முந்தும், பெரியது பிந்தும். கடக்கும் மில்லி நொடிகளே பொருளைக் காட்டிக்கொடுக்கின்றன.

ஆயினும், குளோரைடின் பிணைப்பு வலுவற்றது. வெப்பம் மிகுந்தால் அயனி வழியிலேயே சிதையும். குறைந்தால் துகள் ஆவியாவதே அரிதாகும். இரண்டுக்கும் இடையே உரிய வெப்பநிலையைக் கண்டறிவதே வேதியியலாரின் பணி. மில்லி நொடிகள் மட்டுமே நிலைத்திருக்க வேண்டிய ஓர் அயனியை நம்பியே பலர் விமானம் ஏறுகின்றனர்.