சிறை மீண்டோரும் நம் கடமையும்



நீதிமன்றம் விதிக்கும் தண்டனைக்குக் கால எல்லை உண்டு. அந்நாள் வந்ததும் சிறைக்கதவு திறந்துவிடுகிறது. ஆனால், வெளியே வந்தவர் மீது சமுதாயம் விதிக்கும் தண்டனைக்கு எல்லை கூறுவார் இல்லை. வாடகைக்கு வீடு கொடுப்போர் தயங்குகின்றனர், வேலை தருவோர் மறுக்கின்றனர், உற்றாரும் ஒதுங்குகின்றனர். இந்நிலையில் ஒருவர் தம் வாழ்வையும் தொழிலையும் மீண்டும் அமைத்துக்கொள்வது எங்ஙனம்? இதற்கு விடை காண வ.உ.சிதம்பரம் பிள்ளை அவர்களின் பிற்கால வாழ்வு பெரிதும் துணை செய்யும்.

1. சிறையும் இழப்பும்

1872ஆம் ஆண்டு ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி., தூத்துக்குடியில் பெயர் பெற்ற வக்கீலாக விளங்கினார். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். 1908 மார்ச் மாதம் கைது செய்யப்பட்டு, அவ்வாண்டு ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்த துன்பத்தை அறியாத தமிழர் இலர். எனினும், அவர் சிறையிலிருந்த காலத்தில் வெளியே நேர்ந்த இழப்புகளைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. கப்பல்கள் கைவிட்டுப் போயின. வக்கீல் தொழில் நடத்துவதற்குரிய சன்னதும் பறிக்கப்பட்டது. அவருடைய செல்வமும் தொழிலும் ஒருங்கே அழிந்தன.

2. சிறைக்குள் தேடிய செல்வம்

எனினும், அவர் சிறைக்காலத்தை வீணே கழிக்கவில்லை. ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலை, ‘மனம்போல வாழ்வு’ எனத் தமிழாக்கினார். செய்யுள்கள் இயற்றினார், தமிழ் நூல்களை ஆழ்ந்து பயின்றார். உடல் உழைப்பிற்கிடையே தேடிய இக்கல்வியே பின்னாளில் அவருக்கு ஊன்றுகோலாயிற்று.

3. கதவு திறந்த பின்

1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையினின்று விடுதலை பெற்றபோது, முன்பு அவர் சொற்கேட்கத் திரண்ட கூட்டம் அங்கில்லை. மனைவி மக்களுடன் சென்னையில் குடியேறினார். சன்னது இல்லாமையால், கற்ற தொழிலைச் செய்ய இயலவில்லை. அரிசியும் மண்ணெண்ணெயும் விற்றுக் குடும்பம் நடத்தினார். அவர் பொருட்டுத் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் திரட்டிய 347 ரூபாய் 12 அணா, காந்தியடிகள் வாயிலாக அவரிடம் வந்து சேர்வதற்குள், 1915ஆம் ஆண்டு முதல் இருவரிடையே கடிதங்கள் பல நடந்தன. கப்பல் ஓட்டியவர் அத்தொகைக்காகக் காத்திருந்தார் என்பதை எண்ணும்போது நெஞ்சம் உருகுகிறது.

அவ்வறுமையிலும் அவர் தமிழ்ப்பணியை விடவில்லை. ‘மெய்யறம்’, ‘மெய்யறிவு’ ஆகிய நூல்களை வெளியிட்டார். 1917இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையுடன் பதிப்பித்தார். தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் வகுத்த உரையின் பதிப்பிலும் உழைத்தார். இவ்வுரையாசிரியர்களைச் சமணர் எனக் கொள்வாரும் உண்டாதலின், நாம் அவருக்குத் தனியே நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

4. திரும்பக் கிடைத்த தொழில்

ஆண்டுகள் பல கழிந்தபின், ஈ.எச்.வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது மீண்டும் கிடைத்தது. வ.உ.சி. அந்நன்றியை மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். எந்த அரசை எதிர்த்துச் சிறை சென்றாரோ, அவ்வரசின் நீதிபதி ஒருவர் பெயரையே தம் இல்லத்தில் நாள்தோறும் வழங்கச் செய்தார். இழந்த தொழிலைத் திரும்பப் பெறுதல் ஒரு மனிதருக்கு எத்துணைப் பெரிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? பின்னர்க் கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வக்கீல் தொழில் நடத்தி, 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் காலமானார்.

5. நமக்குரிய பாடம்

‘அவர் நாட்டுக்காகச் சிறை சென்றவர்; குற்றம் புரிந்தவரை அவரோடு ஒப்பிடலாமோ?’ என்று சிலர் வினவலாம். குற்றமற்றவரும் கற்றவருமான ஒருவரே மீண்டெழ இத்துணை ஆண்டுகள் அல்லற்பட்டார் எனின், கல்வியும் துணையும் இல்லாத எளியவர் நிலை என்னாகும் என்பதே நாம் எண்ணத்தக்கது.

சட்டமும் மீட்சிக்கு இடம் தருகிறது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஏ பிரிவின்படி, ஒழுக்கக்கேடான குற்றத்திற்காகத் தண்டனை பெற்றவர் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்வதற்குள்ள தடை, விடுதலைக்குப் பின் ஈராண்டுகள் கழிந்ததும் நீங்கிவிடுகிறது. சிறையிலிருந்தே பள்ளித் தேர்வும் பட்டத் தேர்வும் எழுதுவோர் உளர். தமிழ்நாட்டுச் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் நிலையங்களில் சிறைவாசிகள் பணிபுரிகின்றனர். சட்டம் ஈராண்டில் நீக்கும் தடையை, நாம் வாழ்நாள் முழுவதும் நீட்டலாமோ?

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஸ்திதிகரணமும் ஒன்று. நெறியினின்று வழுவியவரை மீண்டும் அந்நெறியில் நிலைநிறுத்துதல் என்பது அதன் பொருள். இதனால், பாதிக்கப்பட்டோரின் துயரை மறந்துவிட வேண்டும் என்பதன்று. தவறு செய்தவர் அதனை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். இயன்றவரை ஈடு செய்தலும் வேண்டும். நேர்மையாக உழைத்துண்ண அவர் முன்வரும்போது, கடையிலோ கழனியிலோ ஓர் இடம் தருதல் நம் கடமையாம். பழங்கதையை மீண்டும் மீண்டும் பேசாதிருத்தலும் ஓர் உதவியே. அவர்தம் பிள்ளைகளைப் பள்ளியிலும் திருவிழாவிலும் வேறுபடுத்தாமை அதனினும் பேருதவி.

வாலஸ் கொடுத்தது பொன்னன்று, பொருளன்று, உழைத்துண்ணும் உரிமையேயாம். அதனைக் கொடுக்கும் ஆற்றல் நம் ஒவ்வொருவர் கையிலும் சிறிதளவேனும் உண்டு. அதனை மறுக்காது வழங்குவோமாக!

சிந்தனைக்கு

1. வ.உ.சி. சிறையில் தேடிய கல்வி பின்னாளில் எவ்வகையில் பயன்பட்டது?

2. தண்டனை முடிந்தவருக்கு நாம் அறியாமலே விதிக்கும் தண்டனைகள் யாவை?

3. நம் ஊருக்கு ஒருவர் சிறை மீண்டு வந்தால், முதல் மாதத்தில் நாம் செய்யத்தக்க உதவி யாது?