ஆஃபர் வந்தாச்சு... வீடு வாங்கணுமா, வாடகையே போதுமா?

வெளிநாட்டு வேலை கிடைச்சதும் வீட்டில் கேட்கிற முதல் கேள்வி சம்பளம். இரண்டாவது, "அப்போ திருவேற்காட்டுலயே ஒரு ஃபிளாட் பார்த்துடலாமா?" பூந்தமல்லி வரைக்கும் மெட்ரோ, விலை ஏறும், லோனும் ஈஸியா கிடைக்கும் என்று மாமா, சித்தப்பா எல்லாரும் சேர்ந்துக்குவாங்க. ஆனா லோன் பேப்பரில் கையெழுத்து போடப் போறது நீங்க. 20 வருஷம் கட்டப் போறதும் நீங்க.

முதல்ல, போகிற ஊரில் வாங்கலாமா? பல நாடுகளில் இதுக்கு சட்டமே பதில் சொல்லிடுது. சிங்கப்பூரை எடுத்துக்குவோம். அங்கே பெரும்பாலானவர்கள் இருப்பது ஹெச்.டி.பி. என்கிற அரசு அடுக்குமாடி வீடுகளில். வேலை பாஸில் போகிறவர் அதை வாங்கவே முடியாது. கணவன் மனைவி இருவரும் பி.ஆர். ஆனாலும், 3 வருஷம் கழிச்சுத்தான் ரீசேல் ஃபிளாட் வாங்கலாம். தனியார் காண்டோ வாங்கத் தடை இல்லை. ஆனா 2023 ஏப்ரல் 27 முதல் வெளிநாட்டவருக்குக் கூடுதல் முத்திரைத் தீர்வை 60%. அதாவது ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு 60 லட்சம் வரி! கனடா 2023 ஜனவரியிலிருந்து, சில விலக்குகளோடு, வெளிநாட்டவர் வீடு வாங்கவே தடை போட்டிருக்கு. ஜெர்மனியில் அப்படித் தடை எதுவும் இல்லை. ஆனா சொத்து மாற்று வரி மட்டுமே மாநிலத்தைப் பொறுத்து 3.5% முதல் 6.5% வரை.

சட்டம் விட்டாலும் விசா விடாது. வேலை போனால் அமெரிக்க ஹெச்-1பி விசாவில் அதிகபட்சம் 60 நாள், சிங்கப்பூரில் பொதுவாக 30 நாள். அதுக்குள்ள வேறு வேலை தேடணும், இல்லைன்னா கிளம்பணும். 30 நாளில் வீட்டை எப்படி விற்பது? அதனால அங்கே வாடகைதான். ஒப்பந்தத்தில் ஒரு விஷயம் மட்டும் பார்த்துக்கோங்க. சிங்கப்பூரில் இரண்டு வருஷ ஒப்பந்தம் போட்டால் 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' இருக்கான்னு கேளுங்க. அது இருந்தால், வேலை போய் நாட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்தால், வழக்கமாக முதல் வருஷத்துக்குப் பிறகு இரண்டு மாத நோட்டீஸில் வெளியே வரலாம். இல்லைன்னா மீதி மாத வாடகையும் உங்க தலையில்.

இப்போ திருவேற்காடு. 60 லட்சத்துக்கு ஒரு பழைய டபுள் பெட்ரூம் ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். வங்கி 80% தரும், அதாவது 48 லட்சம். மீதி 12 லட்சம் கையிலிருந்து. பத்திரச் செலவு: முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 5.4 லட்சம். 8.5% வட்டி, 20 வருஷம் என்று எக்ஸெல்லில் பி.எம்.டி. ஃபங்ஷன் போட்டால் இ.எம்.ஐ. சுமார் 41,650 ரூபாய் வரும். முதல் மாதம் அதில் 34,000 வட்டிக்கே போயிடும். அசலில் குறைவது 7,650 மட்டும்.

ஐந்து வருஷம் தவறாமல் கட்டினால் மொத்தம் 25 லட்சம் கட்டியிருப்பீங்க. கடன் பாக்கி எவ்வளவு தெரியுமா? 42.3 லட்சம்! அசலில் அடைத்தது 5.7 லட்சம், கிட்டத்தட்ட பத்திரச் செலவு அளவுக்கு. (எனக்கு இந்த ஷீட்டை மூணு தடவை சரிபார்க்கத் தோணுச்சு.)

அதே ஃபிளாட் 15,000 ரூபாய்க்கு வாடகைக்குப் போகும் என்று வைத்தால், வருஷத்துக்கு 1.8 லட்சம் வரவு. முதல் வருஷ வட்டி சுமார் 4 லட்சம். கையிலிருந்து போட்ட 17.4 லட்சத்தை 7% டெபாசிட்டில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் 1.2 லட்சத்தையும் சேருங்க. வருஷத்துக்கு 3.4 லட்சம் நஷ்டம். அதை ஈடுகட்டவே வீட்டு விலை வருஷம் கிட்டத்தட்ட 6% ஏறணும். மெயின்டெனன்ஸும் சொத்து வரியும் இதில் சேர்க்கவே இல்லை. 6% ஏறலாம், ஏறாமலும் போகலாம். ஆனா விலை ஏறும் என்று சொல்கிற யாரும் எத்தனை சதவீதம் என்று சொல்றதில்லை. நீங்க கேளுங்க.

இன்னொரு பக்கம் பாருங்க. அங்கே வாடகை, இங்கே இ.எம்.ஐ., அதோட எஜுகேஷன் லோன். இந்த நிலைமையில் பிடிக்காத வேலையை விடவும் முடியாது, ஊருக்குத் திரும்பவும் முடியாது. என் கருத்தில், விசா நிலைமை உறுதியாகும் வரை முதலில் எஜுகேஷன் லோனை அடைப்பதுதான் சரி.

அப்பா, அம்மா குடியிருக்கத்தான் வீடு என்றால் விஷயம் வேற. ஹவுஸ் ஓனர் திடீர்னு காலி பண்ணச் சொல்ற பயம் எந்த எக்ஸெல் ஷீட்டிலும் வராது. அப்பவும் கடனைச் சின்னதா வைங்க. 30 லட்சம் என்றால் இ.எம்.ஐ. 26,000 சொச்சம்தான்.

வாங்கினால் சில விதிகள் தெரிஞ்சிருக்கணும். என்.ஆர்.ஐ. ஆனதும் வீடு, மனை வாங்கலாம், விவசாய நிலம் வாங்க முடியாது. வாடகைக்கு விட்டால் குடியிருப்பவர் டி.டி.எஸ். பிடித்துத்தான் வாடகை தரணும். இது நிறைய பேருக்குத் தெரியாது. இந்தப் பக்கம் ஏரிகள் அதிகம், அதனால மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றோடு, இடம் ஏரிப் புறம்போக்கில் வருதான்னும் பார்க்கணும். பதிவுக்கு நேரில் வர முடியாதுன்னா, அப்பா பேருக்கு பவர் பத்திரம் எழுதி இந்தியத் தூதரகத்தில் கையெழுத்து போட்டு அனுப்பலாம். அது இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரையிடணும்.