பெரும்பாணாற்றுப்படை காட்டும் ஆயர், உழவர் மனைகள்

முன்னுரை

மக்கள் செய்யும் தொழிலே அவர்தம் மனையின் வடிவை வகுக்கிறது. இதனைத் தெளிவுறக் காட்டும் சங்க நூல்களுள் ஒன்று பெரும்பாணாற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஒன்றான இதனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மீது பாடினார். பரிசில் பெற்ற பாணன் மற்றொரு பாணனுக்கு வழிகாட்டும் முறையில் 500 அடிகளில் அமைந்தது இப்பாட்டு. நம் சிறுசேரியும் பழைய தொண்டை நாட்டைச் சார்ந்ததே. ஆதலின், பாணன் செல்லும் வழியில் எதிர்ப்படும் ஆயர், உழவர் மனைகளை ஈண்டுக் காண்போம்.

ஆயர் குடில்

முல்லை நிலத்து ஆயர் குடில் தாழ்ந்த கால்களை உடையது. அக்கால்களில் ஆட்டுக்குட்டிகள் தின்னத் தழை கட்டப்பட்டிருக்கும். கழிகளை நெருக்கிக் கட்டியதே கதவு. முற்றத்தில் சிறிய தறிகளும் நீண்ட தாம்புகளும் காணப்படும். ஆடுகள் தங்கும் இடத்தை முள்வேலி சூழ்ந்திருக்கும். ஆட்டுத்தோலைப் பாயாக விரித்து ஒருவன் காவலாக உறங்குவான். இக்குடிலின் ஆய்மகள் நெய்யை விற்றுப் பொன் கொள்வதில்லை. எருமையையும் பசுவையும் கொள்கிறாள். மந்தையே அம்மனையின் செல்வம் என்பது இதனால் பெறப்படும்.

உழவர் மனை

புன்செய் உழவர் சிற்றூரில் வரகு வைக்கோலால் வேய்ந்த வீடுகள் உள்ளன. முற்றத்தில் நிற்கும் குதிர்கள் பெண்யானைக் கூட்டத்தை ஒத்தன என்கிறார் புலவர். பந்தலில் உள்ள திரிகை களிற்றின் காலை ஒத்தது. வண்டி உருளையும் கலப்பையும் புகை படிந்த கொட்டிலின் சுவரில் சார்த்தப்பட்டுள்ளன. மருத நிலத்திலோ ஏணிக்கும் எட்டாத நெடிய நெற்கூடுகள் ஓங்கி நிற்கின்றன. அவற்றில் பழைய நெல் குறையாமல் கிடக்கிறது. மனைக்கு உரியவரின் உறையுளினும் தானியத்தின் உறையுளே புலவர் கண்ணில் பெரிதாகப் படுகிறது.

வடபுலத்து ஒப்புமை

பாக்தாதிலிருந்து 921ஆம் ஆண்டு தூது சென்ற இப்னு ஃபத்லான், வோல்கா ஆற்றங்கரையில் 'ரூஸ்' எனப்பட்ட வடபுல வணிகரைக் கண்டார். பத்து இருபது பேர் கூடித் தங்கும் பெரிய மரவீடுகளை அவர்கள் அங்குக் கட்டியிருந்ததை எழுதிவைத்தார். வணிகர்க்கு அவ்வீடு, உழவர்க்கு வேறு. ஐசுலாந்தின் ஸ்டோங் என்னுமிடத்தில் 1939இல் அகழ்ந்தறியப்பட்ட வைக்கிங் மரபுப் பண்ணைவீட்டின் சுவர்கள், புல்லோடு வெட்டிய மண்கட்டிகளால் ஆனவை. நடுக்கூடத்தில் நெருப்பிடமும், பாலுணவைச் சேமிக்கத் தனியறையும் இருந்தன. அங்கே நெடிய குளிர்காலத்திற்குப் பாலுணவு. இங்கே அடுத்த விளைச்சல் வரை நெல். சேமிப்பே இரு மனைகளுக்கும் நடுவாயிற்று.

முடிவுரை

சிறுசேரியில் இன்று கணினி நிறுவனங்களின் மாடங்கள் எழுந்துள்ளன. பணி பெருகியது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் குதிர், திரிகை, தாம்பு, கொட்டில் என்னும் சொற்கள் மாணவர்க்கு உரையாசிரியர் துணையின்றி விளங்காத நிலை வந்துள்ளது. பொருள் மறைந்தால் சொல்லும் மறையும். சொல் மறைந்தால் பாட்டும் மூடப்படும். அருகிலுள்ள முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் தென்னகத்துப் பழைய வீடுகள் பெயர்த்தெடுத்து நிறுவப்பட்டுள்ளன. வீட்டைப் பெயர்த்து வைக்கலாம். அவ்வீட்டில் வழங்கிய சொற்களை அறிந்தவர்கள் நம் பெரியோர்களே. மாணவர்கள் விடுமுறையில் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குச் சென்று, முதியோரிடம் பழைய மனையின் ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய பெயரைக் கேட்டு எழுதி வருவார்களாக. பெரியோர்களும் அன்புடன் சொல்லி உதவ வேண்டுகிறோம்.