வலிக்கும் ஷிப்ட் உண்டு

“உடம்பு முடியலைங்க” என்று மில் சூப்பர்வைசரிடம் போய் நின்றால் ஒரு நாள் லீவு கிடைக்கும். “காலையில ஒன்பது மணி வரைக்கும் விரலு மடங்க மாட்டீங்குதுங்க, அப்புறம் சரியாயிருதுங்க. சாயங்காலம் ஏறுற அரை நைட்டுல போடுங்க” என்று சொல்லிப் பாருங்கள், ஷிப்டே மாறலாம். மூன்று மாதத்துக்கு மேல் விடாத வலியோடு வேலை பார்ப்பவர், கேட்பதை மணி சொல்லிக் கேட்கப் பழக வேண்டும்.

அதற்கு வலியின் நேரம் தெரிய வேண்டும். முடக்குவாதத்துக்கு விடிகாலைதான் மோசம். பின்னிரவில் இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் ஏறுகின்றன. அழற்சியை அடக்கும் கார்ட்டிசோலோ நள்ளிரவையொட்டி அடிமட்டத்தில் இருக்கும். விழிக்கும் நேரத்தில்தான் உச்சத்துக்கு வரும். எழுந்ததும் விரல் விறைத்துக் கிடப்பது இதனால்தான். சிலருக்கு மணிக்கணக்கில் நீளும். மூட்டுத் தேய்மானம் வேறு மாதிரி. காலைப் பிடிப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும்; நிற்க நிற்க, படி ஏற ஏற, சாயங்காலம் கடுக்கும். சர்க்கரையால் நரம்பு கெட்டவர்களுக்குப் பாத எரிச்சல் ராத்திரியில்தான் அதிகம்.

இளவட்டங்களுக்கு ஒரு வார்த்தை. இடுப்பு வலி பின்னிரவில் எழுப்பிவிடுகிறது, படுத்தால் கூடுகிறது, நடமாடினால் குறைகிறது என்றால் ‘லோடு தூக்குனதுதான்’ என்று தள்ளிவிடாதீர்கள். முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சியாக இருக்கலாம். வாதநோய் நிபுணரைப் பாருங்கள்.

இரண்டு வாரம் வலியைக் குறித்து வையுங்கள்: எழுந்ததும், டீ டைமில், சாப்பாட்டுக்குப் பின், ஷிப்ட் முடிவில், படுக்கும்போது, பத்துக்கு எத்தனை என்று. பக்கத்திலேயே அன்றைக்கு எந்த ஷிப்ட், எத்தனை மணி தூக்கம். தூக்கம் குறைந்தால் மறுநாள் வலி கூடும். முழு நைட் முடிந்து பகலில் அரைகுறையாகத் தூங்கும் வாரத்தில் இது தாளிலேயே தெரிந்துவிடும். வாராவாரம் ஷிப்ட் மாறுகிறவர் ‘ஒரே ஷிப்டில் நிறுத்துங்கள்’ என்று கேட்க இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை 8.30க்கு உட்கார்ந்து இரவு 8.30க்கு எழுவது. விரல் விறைப்பு உள்ள டெய்லர் முதல் ஒரு மணி நேரத்தைச் செக்கிங் டேபிளில் கழித்துவிட்டு மிஷினுக்கு வரலாமா என்று கேட்கலாம். புரொடக்‌ஷன் போகும் என்பார்கள். விறைத்த விரலால் தைத்து ரிஜெக்ட் ஆகும் பீஸையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கோவை ஒப்பணக்கார வீதியிலும் கிராஸ்கட் ரோட்டிலும் ஜவுளிக்கடை கவுண்டரில் நிற்பவர்களுக்குச் சாயங்காலம்தான் சோதனை, கூட்டமும் அப்போதுதான். குடோன் படி ஏறும் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஆளில்லாத நேரத்தில் உட்காருங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இலேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. தொழிற்சாலையில் நின்று வேலை செய்பவர்களுக்கு 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவிலேயே இருக்கை சொல்லப்பட்டிருந்தது. சட்டம் இருந்தும் ஸ்டூல் வராத கடைகள் உண்டுதான். தனியாகக் கேட்காமல் நாலு பேராகப் போங்கள்.

இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர், சந்தாத் தகுதி இருந்தால், டாக்டர் சான்றிதழோடு ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் பெறலாம். சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கோ பக்கத்து டிஸ்பென்சரிக்கோ போகும்போது அந்த இரண்டு வாரத் தாளையும் எடுத்துப் போங்கள்.

மருந்துக்கும் நேரம் உண்டு. படுக்கும்போது விழுங்கி, பின்னிரவில் கரையும் வகை ப்ரெட்னிசோன் மாத்திரை முடக்குவாதக்காரர்களின் காலை விறைப்பைக் குறைத்ததாக 2008இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதற்காக நீங்களாக மாத்திரை நேரத்தை மாற்றக் கூடாது. ஷிப்டை டாக்டரிடம் சொல்லுங்கள். சீட்டில் ‘இரவு 1’ என்று எழுதுகிறவருக்கு, அந்த ராத்திரி முழுக்க நீங்கள் ஸ்பின்னிங்கில் நிற்பது தெரியாது.