இறக்காத முடி

அன்புள்ள பாடி வாசகருக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் வடமாநிலப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டமாக உங்கள் சலூனுக்கு வருவதையும், அவர்களோடு வரும் ஒரு பஞ்சாபிப் பையன் மட்டும் நாற்காலியில் ஏறாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பதையும் எழுதியிருந்தீர்கள். "தாடியை மட்டும் லேசா ஒதுக்கி விடட்டுமா, காசு வேண்டாம்" என்று நீங்கள் கேட்டதற்கு அவன் சிரித்தபடி கைகூப்பி மறுத்துவிட்டானாம். எந்தக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறான், எப்போது முடியிறக்குவான் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: "அவங்க மதத்துல எங்க தொழில் பாவமா சார்?"

என்னை எழுத உட்கார வைத்தது அந்தக் கடைசிக் கேள்விதான். ஆனால் முதல் கேள்வியின் வழியாகப் போனால்தான் அதற்கு நேர்மையான பதில் சொல்ல முடியும்.

முடி என்றதும் கோயிலும் வேண்டுதலும் உங்கள் நினைவுக்கு வந்தது இயல்பு. பழனி, சமயபுரம், திருத்தணி, திருப்பதி என்று நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக முடியைக் கொண்டுபோய்க் கொடுத்து வந்திருக்கிறார்கள். குழந்தைக்கு முதல் மொட்டை குலதெய்வத்தின் முன்னால்தான். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காக ஒரு தாய் வேண்டிக்கொள்கிறாள், பிழைத்ததும் முடி இறங்குகிறது, கடன் தீர்கிறது. தமிழகக் கோயில்களில் மொட்டைக்கு வாங்கிய கட்டணத்தை 2021-ல் அரசு நீக்கியபோது எளிய குடும்பங்கள் எவ்வளவு ஆறுதல் அடைந்தன என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நம் வழக்கத்தில் முடி சாமிக்காக வளர்கிறது, ஒருநாள் சாமிக்கே போய்விடுகிறது.

அந்தப் பையன் சீக்கியன்; அவனுடைய முடிக்கு இறக்கும் நாள் கிடையாது. அவனும் அதைக் கடவுளுக்கு உரியது என்றுதான் நினைக்கிறான். ஆனால் திருப்பிக் கொடுப்பதில்லை, கொடுத்தபடியே வைத்திருக்கிறான். படைத்தவன் இந்த உடம்பைக் குறையில்லாமல் படைத்திருக்கிறான், அதில் நான் திருத்துவதற்கு ஒன்றுமில்லை என்பது சீக்கியர்களின் எண்ணம். கடவுளின் ஆணையை அவர்கள் ஹுக்கம் என்பார்கள். அந்த ஹுக்கத்துக்கு உடன்பட்டு வாழ்வதற்கு உடம்பிலேயே இருக்கும் அடையாளம் கேஷ், அதாவது வெட்டாத முடி. தலைமுடி மட்டுமல்ல, தாடி, மீசை, உடம்பு ரோமம் எல்லாமே அதில் அடக்கம். பெண்களுக்கும் இதே விதிதான். தினமும் அவர்கள் நின்றபடி சொல்லும் அர்தாஸ் என்ற வேண்டுதலில், இந்த முடியோடு கடைசி மூச்சுவரை நம்பிக்கையைக் காத்துக்கொள்ளும் வரம் கேட்கிறார்கள். நீங்கள் கேட்ட 'எப்போது' என்பதற்கு அதுதான் பதில்.

இதைச் சடைமுடியோடு சேர்த்துவிடக் கூடாது. உங்கள் ஊர் திருவலிதாயத்தில் குடிகொண்டிருக்கும் சிவன், வலிதாயநாதரும் சடையர்தான். சம்பந்தர் பாடிய தலம் அது. சடை என்றால் நமக்குத் துறவு, சுடுகாடு, மலை. சீக்கியத்தைத் தொடங்கிய குரு நானக் (1469–1539) காலத்து வட இந்தியாவிலும் சடை வளர்த்த யோகிகள், மொட்டையடித்த சாமியார்கள், சாம்பல் பூசியவர்கள் நிறைய இருந்தார்கள். உலகத்தை விட்டு ஓடுவதற்கு முடியை ஒரு சாக்காக ஆக்காதே என்பதுதான் நானக் அவர்களிடம் பேசியதன் சாரம். சீக்கியம் முழுக்க முழுக்கக் குடும்பஸ்தனின் மார்க்கம். உழைத்துச் சம்பாதி, பகிர்ந்து சாப்பிடு, இறைவன் பெயரை மறக்காதே என்கிறது. அதனால்தான் முடியோடு ஒரு மரச்சீப்பையும் அவர்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் கங்கா. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை சிக்கெடுத்துச் சீவி, உச்சியில் கொண்டை போட்டு, நீளமான துணியால் தலைப்பாகை கட்டுவார்கள். அலசி, உலர்த்தி, எண்ணெய் தடவி, தாடியைப் படிய வைப்பதற்குள் எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்குத் தெரியாததா? முடியை வெட்டாதவன் முடியைக் கவனிக்காதவன் அல்ல. எஸ்டேட்டில் காலை ஷிப்ட்டுக்கு ஓடும் பையன், மற்றவர்கள் தூங்கும்போதே எழுந்துகொள்கிறான்.

இனி உங்கள் தொழிலுக்கு வருகிறேன்.

1699, வைசாகி நாள். நம் சித்திரை முதல் நாளை ஒட்டி வரும் பஞ்சாபி அறுவடைத் திருநாள் அது. அனந்த்பூர் சாகிப்பில் பத்தாவது குரு கோவிந்த் சிங் பெருங்கூட்டத்தின் முன் உருவிய வாளோடு நின்று, தலையைத் தரத் தயாராக யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார். கூட்டம் கலங்கிப்போனது. ஒவ்வொருவராக ஐந்து பேர் எழுந்து வந்தார்கள். அவர்களுக்கு இரும்புக் கிண்ணத்தில் கலக்கிய இனிப்பு நீரை அமிர்தமாகக் கொடுத்து, கால்சா என்ற சமூகத்தைக் குரு உருவாக்கினார். பிறகு அவர்களிடமே மண்டியிட்டுத் தானும் அமிர்தம் வாங்கிக்கொண்டார். கேஷ், கங்கா, இரும்பு வளையமான கடா, கச்செரா என்ற அரைக்கால் உள்ளாடை, கிர்பான் என்ற குறுவாள் ஆகிய ஐந்து அடையாளங்களும் அந்த நாளோடுதான் சீக்கிய மரபில் பிணைந்திருக்கின்றன.

அந்த ஐந்து பேர் யார் என்று பாருங்கள். லாகூரிலிருந்து வந்த தயா சிங் கத்ரி. ஹஸ்தினாபூர் தரம் சிங் ஜாட் விவசாயி. பூரியைச் சேர்ந்த ஹிம்மத் சிங் தண்ணீர் சுமக்கும் குலம். துவாரகையின் மோக்கம் சிங் துணிக்கு அச்சடிப்பவர். ஐந்தாமவர் சாகிப் சிங், நம் தென்பக்கத்து ஆள், இன்றைய கர்நாடகத்தில் இருக்கும் பீதரில் பிறந்தவர். பிறந்த குலம் முடிதிருத்தும் குலம். முடியை வெட்ட மாட்டோம் என்று சூளுரைத்த சமூகத்தை முதலில் நின்று ஆரம்பித்தவர்களில் ஒருவர், கத்தியும் கத்தரிக்கோலும் புழங்கிய வீட்டின் பிள்ளை. பிறகு சம்கௌர் போரில் குருவுக்காக உயிரைக் கொடுத்தார். இன்றைக்கும் அந்த ஐவரையும் சேர்த்து நினைக்காமல் அர்தாஸ் முடிவதில்லை. 'ஐந்து அன்பர்கள்' என்ற வரிசையில் அவருக்கு மற்ற நால்வரோடு சம ஆசனம்.

இன்னொருவரும் இருக்கிறார், அவருக்கும் முந்தியவர். பக்தர் சைன். அரண்மனையில் அரசருக்கு முடி திருத்தியும் எண்ணெய் தேய்த்தும் வாழ்ந்தவர் என்று மரபு சொல்கிறது. சீக்கியர்கள் குருவாகவே வணங்கும் குரு கிரந்த் சாகிப்பில் நெசவாளி கபீர், தோல் தொழிலாளி ரவிதாஸ் ஆகியோரின் பாடல்களோடு சைனின் பாடல் ஒன்றும் இருக்கிறது. அந்த நூலுக்கு முன்னால் எந்தச் சீக்கியன் தலை தாழ்த்தினாலும், அது உங்கள் தொழிலைச் செய்த ஒருவரின் வாக்குக்கு முன்னாலும் தாழ்த்துவதுதான். நம் ஊரில் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் உங்கள் ஆட்களின் கையைத் தேடி வந்துவிட்டு, சடங்கு முடிந்ததும் வாசலிலேயே நிறுத்திவைத்த கதையை நீங்கள் சொல்லியே நான் கேட்க வேண்டியதில்லை. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஒளிக்காமல் மற்றதையும் சொல்லிவிட வேண்டும். 1945-ல் இறுதி வடிவம் பெற்ற சீக்கிய ஒழுக்க விதிகளின்படி, அமிர்தம் பெற்றவர் செய்யக் கூடாத நான்கு பெருங்குற்றங்களில் முடியை நீக்குவதும் ஒன்று. செய்தவர் திரும்பவும் ஐந்து பேர் முன் நின்று அமிர்தம் பெற வேண்டும். ஆனால் குற்றம் வாக்குக் கொடுத்துவிட்டு மீறியவருடையது. அந்த வாக்கைக் கொடுக்காத உங்களையோ, உங்கள் கையிலிருக்கும் டிரிம்மரையோ அந்த விதி எங்கும் தொடுவதில்லை. அமிர்தம் பெறாத சீக்கியர்கள் ஏராளம். முடி வெட்டிக்கொள்ளும் சீக்கியர்களும் பஞ்சாபில் நிறையவே உண்டு. 2009-ல் பஞ்சாப்–அரியானா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. புருவம் திருத்திக்கொண்ட ஒரு மாணவிக்கு மருத்துவக் கல்லூரியில் சீக்கியர் ஒதுக்கீட்டு இடம் மறுக்கப்பட்ட வழக்கு அது. வெட்டாத முடி சீக்கியத்தின் அடிப்படைக் கூறுகளில் ஒன்று என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால், புருவத்து ரோமத்தை வைத்து ஒரு பெண்ணின் நம்பிக்கையை அளப்பது எனக்கு உவப்பாக இல்லை. நீண்ட முடி வைத்தாலும் தலையை மழித்தாலும் அதனால் மட்டும் ஒன்றும் ஆகிவிடாது என்று கபீர் பாடியதும் அதே புனித நூலில்தான் இருக்கிறது. முடி தன்னால் முக்தி தராது என்பதைச் சீக்கியப் பெரியவர்களும் ஒப்புக்கொள்வார்கள். குருவுக்குக் கொடுத்த வாக்கு என்பதால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு.

அந்த வாக்குக்கு அவர்கள் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 1745-ல் தாரு சிங் என்ற எளிய விவசாயியை லாகூருக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். காட்டில் மறைந்திருந்த தன் மக்களுக்குச் சோறு போட்டதுதான் அவர் செய்த குற்றம். முடியைக் கொடுத்தால் உயிரோடு விடுகிறேன் என்று ஆளுநர் சக்கரியா கான் சொன்னபோது அவர் மறுத்தார். தலைத்தோலோடு சேர்த்து உரித்தார்கள். 1984 நவம்பரில் டெல்லித் தெருக்களில் கலவரக் கும்பல்கள் சீக்கியர்களைத் தலைப்பாகையையும் தாடியையும் அடையாளம் பார்த்துக் கொன்றபோது, உயிர் பிழைக்க வேண்டிப் பலர் தங்கள் முடியைத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள். அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. 2001 செப்டம்பர் 15 அன்று, அமெரிக்காவின் அரிசோனாவில் பெட்ரோல் பங்க் நடத்திய பல்பீர் சிங் சோதி, தலைப்பாகையும் தாடியும் வைத்திருந்த ஒரே காரணத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். உங்கள் கடையில் யாராவது சர்தார்ஜி ஜோக் சொல்ல ஆரம்பித்தால், தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

முடியின் மேல் தலைப்பாகை ஏன் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. முகலாயர் காலத்தில் தலைப்பாகை மேட்டுக்குடியின் மரியாதை. அதைத் தண்ணீர் சுமப்பவருக்கும் முடிதிருத்துபவருக்கும் சேர்த்துக் கட்டிவிட்டார் குரு கோவிந்த் சிங். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் சாமித்தோப்பு நினைவுக்கு வரும். அய்யா வைகுண்டர் (1809–1851), திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்டுக் கிடந்த மக்களிடம், தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் கும்பிட வர வேண்டும் என்றார். யார் யார் எதை உடுத்தலாம் என்று மேல்சாதி கட்டளை போட்ட நாட்டில் அது சிறிய காரியம் அல்ல. இன்றும் அய்யாவழி ஆண்கள் தலையில் துணி கட்டித்தான் பதி என்னும் வழிபாட்டிடத்துக்குள் போகிறார்கள். பஞ்சாபையும் குமரியையும் யாரும் சேர்த்து யோசித்துப் பார்க்கவில்லை; ஆனாலும் இரண்டு இடத்திலும் குனிய வைக்கப்பட்ட தலைகளுக்கே தலைப்பாகை ஏறியது.

இந்த நெருக்கத்தைத் தமிழர்கள் சிலர் இன்று நேராகவே உணர்ந்திருக்கிறார்கள். 2020–21-ல் டெல்லி எல்லையில் நடந்த விவசாயிகள் போராட்டத்தையும், அங்கே வந்தவர்க்கெல்லாம் சோறு போட்ட லங்கர் என்ற பொதுச் சமையற்கூடத்தையும் பார்த்துச் சீக்கியத்தில் சேர்ந்தவர்கள் தென்மாவட்டங்களில் இருக்கிறார்கள். தூத்துக்குடிக்காரரான வழக்கறிஞர் ஜீவன் சிங்கின் தலைமையிலான பகுஜன் திராவிடக் கட்சி, 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்ச் சீக்கியர்களை வேட்பாளர்களாக நிறுத்தியது. சாதியிலிருந்து வெளியேற ஒரு வழி தேடிப் போனவர்கள் அவர்கள். பஞ்சாபின் பல கிராமங்களிலும் தலித் சீக்கியர்களுக்குக் குருத்வாரா என்ற வழிபாட்டிடம் தனியாகவும், சுடுகாடு தனியாகவும் இருப்பது அவர்களுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். குரு சொன்னதற்கும் ஊர் நடப்புக்கும் நடுவிலுள்ள இந்தத் தூரம் என்னை வருத்துகிறது. சாகிப் சிங் பிறந்த குலத்தைப் பற்றி அந்த ஊர்களில் யாராவது நினைத்துப் பார்ப்பார்களா?

உங்கள் பெஞ்சில் உட்காரும் பையனைப் பற்றி இரண்டு வார்த்தை. டிரிம் செய்யட்டுமா என்று இனிமேல் கேட்க வேண்டாம். அவன் வருத்தப்பட மாட்டான், ஆனாலும் வேண்டாம். அவன் முன்னால் சிகரெட் புகைப்பதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். நான் சொன்ன நான்கு குற்றங்களில் புகையிலையும் ஒன்று. பாடி சிக்னலில் ஹெல்மெட் இல்லாமல் அவன் பைக் ஓட்டிப் போவதைப் பார்த்தால் திட்டாதீர்கள். தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு விலக்கு அளித்திருக்கிறது. என்றாவது ஒருநாள் அவனே நாற்காலியில் ஏறி, எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள் அண்ணே என்று சொல்லக்கூடும். ஊரைவிட்டு வந்த பிள்ளைகளுக்கு அப்படி ஒரு நாள் வருவதுண்டு. அப்போது கத்தரிக்கோலை உடனே எடுக்காமல் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். வீட்டில் பேசினாயா என்று ஒருமுறை கேளுங்கள். அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் அது அவன் முடிவு. உங்கள் மேல் பழியில்லை.

நேரம் கிடைக்கும்போது அவனோடு தி.நகர் ஜி.என்.செட்டி சாலையில் இருக்கும் குருத்வாராவுக்குப் போய்வாருங்கள். தலையை மூட ஒரு கைக்குட்டை போதும். செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கழுவிப் போக வேண்டும். லங்கரில் பந்திக்கு எல்லோரும் தரையில்தான் உட்காருவார்கள். யார் என்ன ஜாதி, என்ன தொழில் என்று கேட்கமாட்டார்கள். சாப்பிட்ட பிறகு அங்கே புனித நூலை வாசிக்கும் கிரந்தியிடம், பக்தர் சைனின் பாடலை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். 1430 பக்கங்கள் கொண்ட குரு கிரந்த் சாகிப்பில் அது 695-ஆம் பக்கத்தில் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்